சும்மா கிடக்கிற புதரா அது?

'தரிசு', 'பொட்டல்', 'உபயோகமில்லாத புதர்'... இந்த வார்த்தைகளைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. அமெரிக்காவில் நெவாடா, யூட்டா பக்கத்துப் பாலை நிலத்தைப் பத்தி எழுதறவங்க பலருக்கும் இதே பல்லவிதான். அங்கே மைல் கணக்கில் பரவிக் கிடக்கிறது சேஜ் பிரஷ், ரேபிட் பிரஷ்னு ரெண்டு புதர். மாடு விரும்பித் தின்னாது. அதனால வேஸ்ட். முடிஞ்சுது தீர்ப்பு!

அந்த ரேபிட் பிரஷ்ஷை நம்பி ஒரு வண்டுக் கூட்டமே இருக்குங்க. க்ராஸிடியஸ்னு பேர். நம்மூர் மாமரத்தைத் துளைக்கிற வண்டு, நீளமா மீசை வெச்சிருக்குமே, அந்தக் குடும்பம்தான். ஆனா இது சின்னது, சிவப்பு, மஞ்சள், கறுப்புன்னு கண்ணைப் பறிக்கும். கோடை முடியற நேரம், மத்த செடியெல்லாம் காய்ஞ்சு கிடக்கும்போது ரேபிட் பிரஷ் மஞ்சள் மஞ்சளாப் பூக்கும். சரியா அப்பத்தான் வண்டு வெளியே வரும். பூவிலேயே சாப்பாடு, பூவிலேயே கல்யாணம், ராத்திரி அதே செடியில தூக்கம். புழு வளர்றது வேருக்குள்ளே. நடுவுல மலைத்தொடர் மறிக்கிறதால, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு நிறமும் கோடும் மாறும். இதை வெச்சே லின்ஸ்லி, செம்சாக்னு ரெண்டு பேர் 1961ல் தனி ஆய்வே வெளியிட்டாங்க.

"வேரைத் துளைச்சா அது பீடைதானே?" யாருக்குப் பீடை? செடி வேண்டாம்னு சொல்றதும் நீங்கதான், அதைத் தின்கிற வண்டைத் திட்டறதும் நீங்கதான். ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுங்க சாமி :-)

இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இந்தப் புதர்களை டிஸ்க் கலப்பை போட்டு உழுதாங்க. 2,4-டி களைக்கொல்லியை விமானத்துல இருந்து தெளிச்சாங்க. எதுக்கு? ரஷ்யா பக்கத்துப் புல்லைக் கொண்டுவந்து விதைச்சு மாடு மேய்க்க. 1962லயே ரேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' புத்தகத்துல சேஜ் பிரஷ் அழிப்பை விளாசியிருக்காங்க. இதுல கூத்து என்னன்னா, 1917லயே சேஜ் பிரஷ்ஷை மாநிலப் பூவா அறிவிச்ச ஊர் நெவாடா!

"ரேபிட் பிரஷ் வெட்ட வெட்டத் துளிர்க்குமே, எதுக்கு இவ்ளோ சத்தம்?"னு கேக்கறாங்க. துளிர்க்கும்தான், வேர் உசிரோட இருந்தா. கலப்பை பெயர்க்கிறதே வேரைத்தானே? புழு இருக்கிறதும் அங்கேதானே? காத்துல விதை பறந்து வந்து திரும்ப முளைக்கலாம். ஆனா ஒரு புழு உள்ளே குடியிருக்கிற அளவுக்குத் தடிச்ச வேர் அடுத்த வருஷமே வந்துடுமா? அதுவரைக்கும் வண்டு எங்கே போகும்? பக்கத்துப் பள்ளத்தாக்குக்கா? நடுவுல மலை நிக்குதுங்க.