மூன்றெழுத்தை ஐந்தாக்கும் எந்திரம்

'தமிழ்' எனுஞ் சொல்லில் எழுத்தெத்தனை? ஆலத்தியூர்த் தொடக்கப்பள்ளிச் சிறுவனும் மூன்றென்பான். கைப்பேசி நிரலோ ஐந்தென்கின்றது! 1991இல் வந்த ஒருங்குறி, இகரக் குறியையும் மெய்ப்புள்ளியையும் தனித்தனிக் குறியெண்களாக வைத்தமையே இதற்குக் கரணியம். யூ.டி.எப்-8 குறியேற்றத்தில் அவ்வைந்தும் 15 பைட்டுகளாகும்.

ஆண்டிராய்டு அக்குறியேற்றத்தையே இயல்பாகக் கொண்டுள்ளது. சாவா நிரல்மொழி 2022இல்தான் எங்கும் அதனை இயல்பாக்கிற்று. இயல்பொன்றே காப்பாமோ? ஆகாது! எழுதிய குறியேற்றம் ஒன்று, படிக்குங் குறியேற்றம் வேறெனின் தமிழ் பொருளற்ற கிறுக்கலாகும். நான்கு குறியெண்ணளவில் நறுக்குஞ் செயலியிலோ, புள்ளி வீழ்ந்து 'தமிழ' என நிற்கும்.

செயலி எழுதும் தமிழிளைஞீர்! பிறர் வகுத்த இயல்பை நம்பியிராது, குறியேற்றத்தை வெளிப்படக் குறிமின். குறியெண்ணை எண்ணாது எழுத்தை எண்ணுமின். தமிழிலக்கணம் அறியா எந்திரத்திற்கு அதனைக் கற்பித்தல் நுங்கடன்.