ரங்கையாவும் கோவிந்துவும்



வில்லியம் ராக்ஸ்பரோவின் முகத்தை இன்றும் நாம் பார்க்க முடிகிறது. 1776இல் சென்னைக்கு மருத்துவராக வந்து, இந்தியச் செடிகொடிகளை ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்த ஸ்காட்லாந்துக்காரர் அவர். அவர் மறைந்த 1815ஆம் ஆண்டிலேயே சார்லஸ் வாரன் என்ற கலைஞர் அவர் உருவத்தைத் தகட்டில் செதுக்கி அச்சேற்றினார். கோடு கோடாக வெட்டி, மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளில் அழுத்தி எடுக்கும் பொறுமையான வேலை. நிழல் வேண்டிய இடத்தில் கோடுகள் நெருங்கும், அவ்வளவுதான்.

ராக்ஸ்பரோவுக்காக இந்திய ஓவியர்கள் தீட்டிய செடிப்படங்கள் 2,500க்கும் மேல். தீட்டியவர்களில் பெரும்பாலோரின் முகம் இருக்கட்டும், பெயர்கூட நமக்கு வந்து சேரவில்லை. இது என்னை உறுத்துகிறது.

நம் கரிசல் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமானவர் ராபர்ட் வைட். 1830களில் படைமருத்துவராகப் பாளையங்கோட்டையில் இருந்தவர், குற்றாலத்தில் செடி சேகரித்தவர். பிறகு பருத்தி, புகையிலை, அவுரி என்று நாம் சொல்லும் சென்னா ஆகியவற்றின் சாகுபடியை விசாரித்து எழுதும் வேலை அவருக்கு வந்தது. எல்லாம் நம் வெள்ளாமை! 1842 முதல் பதினோரு ஆண்டுகள் கோவையில் அமெரிக்கப் பருத்தியை ஊன்றிப் பார்த்தார். ஆனால் கரிசலில் நிலைத்தது நாட்டுப் பருத்திதான். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய ஆராய்ச்சிப் பண்ணை, கருங்கண்ணி என்ற நாட்டு ரகத்தைத்தான் தேர்ந்து தேர்ந்து வளர்த்தெடுத்தது.

வைட்டுக்காக ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக வந்த வைட்டின் நூலில் 2,101 படங்கள். எல்லாம் கல்லச்சு. தீப்பெட்டி லேபிளால் சிவகாசியில் தழைத்த லித்தோ தொழிலுக்கு மூத்த வழி அது. பல படங்களின் அடியில் வரைந்தவர் பெயரையும் வைட் அச்சிட்டார். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். வைட்டின் மீது எனக்கு மதிப்பு கூடுவது இங்கேதான். பின்னாளில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட, பெயர் வழக்கிலிருந்து போய்விட்டது.

அந்த ஓவியர்களைப்போலப் பெயர் பதிவாகாமல், செடியை அறிந்தவர்கள் நம் ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற தாத்தா, களையெடுக்கப் போகிற மதினி, கன்றுக்கு எந்தப் பூண்டு ஆகாது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற பெரியம்மா. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாக்கியதுபோல, இவர்களிடம் இருப்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். அவர்களுடைய சம்மதத்தோடு ஒரு படம் எடுங்கள். பெயர், ஊர், அவர் காட்டிய செடி, அதைப் பற்றி அவர் சொன்னது எல்லாவற்றையும் அவர் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். செடியின் படம் மட்டும் போதாது, காட்டியவர் முகமும் வேண்டும். இதற்கென்று இதழ்தோறும் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

ஐப்பசி மழை விழுந்தால் ஓடைக்கரையும் பொழியும் பச்சையாகிவிடும். அப்போது அவர்களோடு கூடவே நடந்துபோய்க் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்