எச்சரிக்கை யாருக்கு?

சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்றால் மருந்துக் கடைகளில் பெயர் சொல்லியே கேட்டு வாங்கப்படும் மாத்திரைகளில் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின். அமெரிக்காவில் 1987-இல் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தும், லெவோஃப்ளாக்சசின், மாக்ஸிஃப்ளாக்சசின் போன்றவையும் 'ஃப்ளூரோகுயினலோன்' வகை நுண்ணுயிர்க்கொல்லிகள். நோய்க்கிருமிகளை அழிக்கும் இவை, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவரைத் தளர்த்தி வீங்கச் செய்கின்றனவா என்ற கேள்வி, 2015 முதல் மருத்துவ உலகில் தீவிரமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

பெருந்தமனி வீக்கம் பெரும்பாலும் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. வீங்கிய இடம் வெடித்தாலோ, சுவரின் உள்ளடுக்கு கிழிந்தாலோ சில மணி நேரத்தில் உயிர் போய்விடக் கூடும். ஆகவே, இந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த இயலாது.

சந்தேகம் முதலில் எழுந்தது தசைநாண்களைப் பற்றி. இவ்வகை மருந்துகளை உட்கொண்ட சிலருக்குக் குதிகால் நாண் அறுந்ததால், 2008-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. நாணுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். பெருந்தமனிச் சுவரின் உறுதியும் பெரிதும் அதைச் சார்ந்ததே. நாணைப் பாதிக்கும் மருந்து தமனியை விட்டுவைக்குமா என்று ஆய்வாளர்கள் கேட்டதில் வியப்பில்லை.

2015-இல் தைவானிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் நடந்த ஆய்வுகள், இம்மருந்துகளை உட்கொண்டோரிடம் இந்த பாதிப்பு ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுவதாகத் தெரிவித்தன. 2018-இல் சுவீடன் ஆய்வாளர்கள், அமாக்ஸிசிலின் உட்கொண்டோருடன் ஒப்பிட்டு, 60 நாள்களுக்குள் ஆபத்து 66 சதவீதம் அதிகம் எனக் கண்டனர். தமனி ஏற்கெனவே நலிவுறச் செய்யப்பட்ட எலிகளிடம் சிப்ரோஃப்ளாக்சசின் நிலைமையை மேலும் மோசமாக்கியதாக அதே ஆண்டு ஹூஸ்டனிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. 2018 டிசம்பரில் அமெரிக்க நிர்வாகம் புதிய எச்சரிக்கையை வெளியிட்டது.

விவாதம் அத்துடன் முடியவில்லை. நுண்ணுயிர்க்கொல்லி தரப்படுவது தொற்று உள்ளவர்களுக்கு. கடுமையான தொற்றே தமனிக்குக் கேடு விளைவிக்கலாம். தொற்றுக்காக எடுக்கப்படும் ஸ்கேன், அதுவரை மறைந்திருந்த வீக்கத்தை வெளிக்கொணரலாம். பழி மருந்தின் மீது விழும். 2020-இல் தைவானிலிருந்தே வந்த மற்றோர் ஆய்வு, அதே தொற்றுக்கு வேறு நுண்ணுயிர்க்கொல்லி பெற்றவர்களுடன் ஒப்பிட்டபோது கூடுதல் ஆபத்தைக் காணவில்லை.

சுவீடன் ஆய்வு சொன்ன 66 சதவீதத்தையும் அளவறிந்து படிக்க வேண்டும். பத்து லட்சம் முறை மருந்து தரப்பட்டால் கூடுதலாக 82 பேர் பாதிக்கப்படலாம் என்பதே அதன் பொருள். ஆனால், இந்த ஆபத்து எல்லோருக்கும் சமமானதல்ல. பொதுமக்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 9 பேருக்கு ஏற்படும் பெருந்தமனி வீக்கம், மிகுந்த ஆபத்துள்ள பிரிவினரில் 300 பேர் வரை ஏற்படுகிறது என்பது அமெரிக்க நிர்வாகத்தின் கணக்கு. ஏற்கெனவே தமனி வீக்கம் உள்ளவர்கள், முதியவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மார்ஃபான் போன்ற மரபுவழி நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு, வேறு மருந்து இருக்கும்போது இதைத் தர வேண்டாம் என்பதே அதன் அறிவுரை.

தடை செய்வதும் தீர்வாகாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லெவோஃப்ளாக்சசினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் இன்றும் முக்கிய ஆயுதங்கள். பிரிட்டன் 2024 ஜனவரியில், மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் பொருந்தாதபோது மட்டுமே இவற்றைத் தரலாம் என்று வரையறுத்தது. அது பின்பற்றத்தக்க வழி.

ஆபத்து ஆளுக்கு ஆள் மாறுபடும்போது, வயது, ரத்த அழுத்தம், குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றை ஒருவர் கேட்டறிந்தாக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் மருத்துவர். நம் நாட்டுச் சட்டப்படியும் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரைகளை விற்கக் கூடாது. பழைய சீட்டைக் காட்டியும், சீட்டே இல்லாமலும் வாங்கும்போது அந்தக் கேள்வி கேட்கப்படாமலேயே போகிறது. எச்சரிக்கை மருந்துப் பெட்டிக்குள் மடித்த தாளில் பொடி எழுத்தில் கிடந்து பயனில்லை.

மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அச்சத்தால் பாதியில் நிறுத்துவதும் தவறு. ஐயம் இருந்தால் அவரிடமே கேட்கலாம். மருந்து உட்கொள்ளும் காலத்தில் மார்பு, முதுகு அல்லது வயிற்றில் திடீரெனக் கடும் வலி தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆய்வாளர்களின் வாதம் தொடரட்டும். சீட்டில்லா விற்பனையைத் தடுக்க அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.