புகையின் நிறமும் பட்டறையின் அவசரமும்

மழை பெய்து மண் பதப்பட்டிருக்கும் நாளில் பழைய டீசல் டிராக்டர் ஒன்று இழுவை குறைந்து நின்றுவிட்டால், பட்டறையில் பல வேளைகளில் கிடைக்கும் முதல் தீர்ப்பு 'எஞ்சின் வேலை' என்பதாகவே இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் யாவற்றையும் மாற்றுவது என்று இதற்குப் பொருள். பழுது உண்மையிலேயே அங்கிருந்தால் குறைசொல்ல ஏதுமில்லை. அடைபட்ட ஒரு வடிகட்டியோ தளர்ந்த ஒரு குழாய் இணைப்போ காரணமாக இருந்து, அதைப் பாராமலே எஞ்சின் திறக்கப்பட்டால், உழவர் பெருந்தொகையோடு அந்தப் பருவத்தின் ஈரத்தையும் சேர்த்தே இழக்கிறார். ஆகவே பழுதறியும் வரிசையை நாம் நியாயம் சார்ந்த ஒரு கேள்வியாகவே காண விரும்புகிறோம்.

1960களில் சென்னையில் தயாராகத் தொடங்கிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களையும் அவற்றின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின்களையும் எடுத்துக்கொள்வோம். இவ்வகை எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்று போதிய அளவு உள்ளே வரவேண்டும். அது கடுமையாக அழுத்தப்பட்டுச் சூடேற வேண்டும். அந்தக் கணத்தில் டீசல் பூந்தூறலாகத் தெளிக்கப்பட வேண்டும். இம்மூன்றில் எது குறைந்தாலும் எஞ்சின் அதனை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. கேட்பதற்குப் பொறுமைதான் வேண்டும்.

முதல் சாட்சி புகை. கரும்புகை என்றால் டீசலுக்கு ஈடான காற்று இல்லை என்று பொருள். ஏர் கிளீனர் அழுக்கேறியிருக்கலாம், அல்லது நாசில் தூவாமல் சொட்டலாம். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம். ரிங் தேய்ந்திருக்கக்கூடும், வால்வு கைடு தளர்ந்திருக்கக்கூடும். வெண்புகை சற்றே சிக்கலானது. குளிர்ந்த காலையில் சிறிது நேரம் வருவது இயல்பு. சூடேறிய பின்னும் தொடர்ந்து, டீசல் நெடியோடு கண்ணைக் கரிக்குமாயின், டீசல் எரியாமல் வெளியேறுகிறது. நெடியின்றி நீராவியாக வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், ஹெட் கேஸ்கட்டை ஐயுற வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது புகையே வரவில்லையெனில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. எஞ்சினைப் பிரிக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை.

இரண்டாவது சாட்சி ஒலி. 'மிஸ்ஸிங்' என்று பட்டறையில் சொல்லப்படும் துடிப்புத் தவறலைக் கண்டறிய ஓர் எளிய வழியுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் நாசிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி மீண்டும் இறுக்குவார்கள். நல்ல சிலிண்டராயின் ஓட்டம் தடுமாறும். எதைத் தளர்த்தியும் ஒலி மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே உழைக்கவில்லை. பிறகு அதன் நாசிலையும் பக்கத்துச் சிலிண்டரின் நாசிலையும் இடம் மாற்றி மாட்டுவார்கள். பழுது நாசிலோடு கூடவே நகர்ந்தால் குற்றம் நாசிலுடையது. இருந்த இடத்திலேயே நின்றால் பம்பையோ வால்வையோ கம்ப்ரஷனையோ ஆராய வேண்டும். பயிலுநர் ஒன்றை மறக்கலாகாது: அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்; அருகில் விரலை நீட்டுவது ஆபத்து.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத காற்று. டேங்கிலிருந்து பம்பு வரையுள்ள பாதையில், டீசல் உறிஞ்சப்படும் பகுதியிலுள்ள இணைப்பு தளர்ந்தால், டீசல் வெளியே கசியாமலேயே காற்று உள்ளே ஏறக்கூடும். இணைப்பு உலர்ந்திருப்பதைக் கண்டு 'இங்கே ஒன்றுமில்லை' என ஏமாறுவது எளிது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால், வண்டி சிறிது நேரம் நன்றாக ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். ஒரு கம்பியால் தீரக்கூடிய நோய் இது.

இவையெல்லாம் முடிந்த பின்னரே எஞ்சினுக்குள் செல்ல வேண்டும். அப்போதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை விட்டுவிட்டுப் பலமாக வெளியேறுகிறதா என்று முதலில் பார்க்கலாம். அவ்வாறு வந்தால் ரிங் தேய்மானத்துக்கு வலுவான சான்று கிட்டிவிட்டது. செலவற்ற சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில்: இந்த வரிசைதான் நாம் வலியுறுத்துவது.

'இவ்வளவு பொறுமை எந்த மெக்கானிக்குக்கு உண்டு?' என்று கேட்கப்படலாம். கேள்வியை நம் பக்கமும் திருப்பியாக வேண்டும். மருத்துவர் நோயைக் கண்டு சொன்னதற்கே கட்டணம் தருகிறோம். பத்து நிமிடத்தில் பழுதைக் கண்டு ஒரு நட்டை இறுக்கிய மெக்கானிக்குக்கோ, 'இதற்கா இத்தனை ரூபாய்' என்று முகம் சுளிக்கிறோம். பிரித்த பாகங்களுக்கும் மாற்றிய உதிரிகளுக்கும் மட்டுமே கூலி என்றாகிவிட்ட இடத்தில், பிரிக்காமல் கண்டுபிடிப்பவர் நஷ்டப்படுகிறார். பட்டறையின் அவசரத்தில் நம் கஞ்சத்தனத்துக்கும் பங்குண்டு.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. மின்னணுக் கட்டுப்பாடுள்ள எஞ்சின்கள் பெருகுகின்றன. அவற்றின் பழுதைச் சொல்வது திரையில் தோன்றும் குறியீடு. மாசு குறைவது நல்லதே. ஆயினும் பழைய எஞ்சின்கள் இன்னும் வயல்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ளும் அறிவோ கைமாற்றாகவே வந்து, மெக்கானிக் முதுமையடைகையில் அவரோடு மறைகிறது. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் ஓர் அகராதி செய்தார். ஏர் எடுத்தல், மிஸ்ஸிங், டேப்பட் சத்தம் என்று பட்டறையில் புழங்கும் சொற்களும், அவற்றுள் பொதிந்த காரண அறிவும் அத்தகைய உழைப்புக்கு உரியவையே. அவை தமிழில் எழுதப்பட்டு உழவர் கைக்குச் சேருமானால், 'எஞ்சினைத் திறக்கவேண்டும்' என்று சொல்பவரிடம் 'முதலில் டேங்க் மூடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்க அவரால் இயலும்.