மணியின் படமும் 53 பெயர்களும்

நாய்களுக்கும் நமக்கும் இடையில் எப்போதும் ஒரு பர்லாங்கு தூரமாவது இருக்கவேண்டும் என்பது நாம் நெடுநாளாக அநுஷ்டித்து வந்த கொள்கை. சென்ற கோடை விடுமுறையில் இங்கிலாந்திலுள்ள நம் தங்கை வீட்டுக்குப் போனதில், அந்தக் கொள்கை முதல் நாளே பறிபோயிற்று. கிராய்டனில் இருக்கும் அவ்வீட்டில் மணி என்று ஒரு கறுப்பு லாப்ரடார். பிஸ்கோத்து என்று ஒரு சிறிய டெரியர். இவை இரண்டையும், பன்னிரண்டு வயது மகளையும், அவளுடைய காமிராவையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு கடற்கரை ஊருக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது எங்கள் தங்கையின் வழக்கம்.

காலையில் போய் மாலையில் திரும்பும் இந்த யாத்திரை அந்நாட்டாருக்குப் பழைய சம்பிரதாயம். 18-ஆம் நூற்றாண்டின் மத்தியில் ரிச்சர்டு ரஸ்ஸல் என்னும் வைத்தியர், கடல் நீரில் குளிப்பதும் அதைக் குடிப்பதும் வியாதிகளுக்கு மருந்து என்று எழுதினார். உடனே பெரிய மனிதர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பிரைட்டனுக்குப் புறப்பட்டார்கள். 1841-இல் லண்டனிலிருந்து அவ்வூருக்கு ரயில் வந்தது. 1871-இல் சட்டத்தின் மூலம் சில பொது விடுமுறை நாட்கள் ஏற்பட்டன. அதன் பிறகு கடற்காற்று சீமான்களின் தனிச் சொத்தாக இருக்கவில்லை. ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் பெண்டு பிள்ளைகளுடன் வந்து கரையில் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரு நாள் ஓய்வு என்பது ஏழைக்கும் உரியதே என்று ஒப்புக்கொள்ள அந்தச் செல்வ நாட்டுக்கே அவ்வளவு காலம் பிடித்தது!

நாமும் ஒரு சனிக்கிழமை பிரைட்டனுக்குப் பிரயாணமானோம். அந்நாட்டு ரயில்களில் ஒருவர் இரண்டு நாய்கள் வரை கட்டணமின்றி அழைத்துச் செல்லலாம். ஆகவே டிக்கெட் வாங்காத இரு பிரயாணிகளும் நம் காலடியில் படுத்துச் சுகமாக நித்திரை செய்தார்கள். டிக்கெட் வாங்கிய நாம் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து சென்றோம்.

பிரைட்டன் கரையில் மணல் குறைவு. எங்கே பார்த்தாலும் கூழாங்கற்கள். இங்கிலாந்தின் கடற்கரை ஊர்கள் பலவற்றில், கோடை மாதங்களில் ஜனங்கள் குளிக்கும் கரைக்கு நாய்கள் வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அநுமதியுள்ள பகுதியைத் தேடிப் பிடித்துச் சங்கிலியை அவிழ்த்ததுதான் தாமதம், மணி அலைக்குள் பாய்ந்தது. பிஸ்கோத்து கரையில் நின்றபடியே சமுத்திர ராஜனைக் குரைத்து விரட்டப் பார்த்தது. இதற்குள் ஒரு கடற்புறா வந்து, நம் கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதத்தோடு கொத்திக்கொண்டு போயிற்று.

நாயைப் படம் எடுப்பதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்பதை அன்று குழந்தையிடம் கற்றுக்கொண்டோம். பளபளக்கும் கடலுக்கு எதிரே கறுப்பு நாயை நிறுத்தி எடுத்தால், படத்தில் விழுவது நாய் அல்ல, வெறும் மசிக்கறை. ஆகாயத்தின் பிரகாசத்தைக் கண்டு காமிரா உள்ளே விடும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். நின்றபடி எடுக்காமல், முழங்காலிட்டு நாயின் கண் மட்டத்துக்கு இறங்கவேண்டும். ஓடுகிற நாய்க்கு ஒரு விநாடியில் 1000-இல் ஒரு பங்கு நேரம் காமிராவின் கண் திறந்தால் போதும்.

“மாமா, நீங்களும் மண்டி போடுங்க!” என்று உத்தரவாயிற்று. பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நாம் இட்ட உத்தரவு அன்று நமக்கே திரும்பியது.

நடுப்பகலில் மழை பிடித்துக்கொண்டது. தங்கை நாய்களோடு ஒரு கூரையின் கீழ் ஒதுங்க, நாமும் குழந்தையும் ராயல் பெவிலியன் மாளிகைக்குள் நுழைந்தோம். பின்னர் நாலாம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்காக, 1815 முதல் 1823 வரை ஜான் நாஷ் என்னும் சிற்பி இந்தியக் கோபுரங்களும் ஸ்தூபிகளும் வைத்துக் கட்டிய விநோத மாளிகை அது. 1914 டிசம்பரிலிருந்து 1916-இன் தொடக்கம் வரை, பிரான்ஸ் யுத்தகளத்தில் காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அது ஆஸ்பத்திரியாக இருந்தது. மதத்துக்கும் ஜாதிக்கும் ஏற்றபடி ஒன்பது சமையற்கட்டுகள் வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே சிகிச்சை பெற்றார்கள்.

மன்னர் தம் மாளிகையையே சிப்பாய்களுக்கு ஈந்துவிட்டார் என்று அக்காலத்தில் நம் நாட்டில் பிரசாரம் நடந்தது. உண்மையில் 1850-லேயே அந்த மாளிகையை நகரத்தார் விலைக்கு வாங்கிவிட்டார்கள். அதே ஊரில் இந்தியருக்காக ஏற்பட்ட கிச்னர் ஆஸ்பத்திரியைச் சுற்றி முள்கம்பி கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். இவை பிரசாரத்தில் இடம்பெறவில்லை.

அங்கே பழைய புகைப்படங்கள் சிலவற்றைக் கண்டோம். பிரம்மாண்டமான மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கட்டில்கள்; கட்டில்களில் தலைப்பாகை அணிந்த வீரர்கள். நாம் பார்த்த படங்களின் அடியில் மண்டபத்தின் பெயர் இருந்தது. ஊரின் பெயர் இருந்தது.

“இவங்களுக்கெல்லாம் என்ன பேரு, மாமா?” என்று குழந்தை கேட்டாள்.

இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கும் நமக்கு விடை தெரியவில்லை.

வெளியே வந்து தங்கையிடம் இதைச் சொன்னோம். “மழை விட்டுடுச்சு, அண்ணா. மலைமேல ஒரு இடம் இருக்கு. போய்ப் பார்த்துட்டே ரயிலுக்குப் போகலாம்” என்றாள். பாச்சம் என்னும் பகுதி வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து புல்வெளிக் குன்றின்மேல் நடந்தோம். ஆடுகள் மேயும் இடமாதலால் நாய்களைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டோம். முக்கால் மணி நடந்தபின், பச்சைச் சரிவின் நடுவே எட்டுத் தூண்களின்மீது ஒரு வெண்சலவைக்கல் கவிகை தெரிந்தது. அதற்குச் சத்ரி என்று பெயர்.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் உயிர் நீத்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை அந்தக் குன்றின்மேல்தான் தகனம் செய்தார்கள். சிதை மேடைகள் இருந்த இடத்தை மூன்று கருங்கற் பலகைகள் மூடியிருக்கின்றன. சத்ரியின் அமைப்பை வகுத்தவர் ஹென்ரிக்ஸ் என்னும் இந்தியச் சிற்பி. 1921 பிப்ரவரி 1-ஆம் தேதி வேல்ஸ் இளவரசர் அதைத் திறந்து வைத்தார். ஆனால் சத்ரியில் மாண்டவர்களின் பெயர்களைப் பொறிக்கவில்லை. சற்றுத் தள்ளி வேறொரு கற்சுவர் எழுப்பி 53 பெயர்களையும் வெட்டி வைத்தது 2010-இல். தகனம் நடந்து ஏறக்குறைய 95 ஆண்டுகள் கழித்து!

அங்கிருந்து பார்த்தால் ஊருக்கு அப்பால் கடல் தெரிகிறது. தகனமானவர்களின் அஸ்தியை அந்தக் கடலில்தான் கரைத்தார்கள். காலையில் மணி குதித்து விளையாடிய அதே கடல். கங்கைக் கரையிலோ பஞ்சநதக் கரையிலோ பிறந்தவர்கள், யாருடைய யுத்தத்துக்காகவோ வந்து அங்கே கலந்துவிட்டார்கள். அவர்களுடைய தாய்மார்கள் அந்த நீரைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

குழந்தை கவிகையைப் படம் எடுக்கவில்லை. கற்சுவருக்கு எதிரே முழங்காலிட்டு, ஒரு பெயர்கூட மங்காமல், பகுதி பகுதியாகப் பெயர்களை எடுத்தாள். பிஸ்கோத்துகூடக் குரைக்காமல் உட்கார்ந்திருந்தது.

திரும்பும் ரயிலில் அன்றைய படங்களுக்கெல்லாம் அவள் குறிப்பு எழுதினாள். “மணி, பிரைட்டன், அலையில்.” “பிஸ்கோத்து, பிரைட்டன், கோபமாக.” இரண்டு நாய்களுக்கும் சேர்ந்து 90 படங்கள், ஒவ்வொன்றிலும் பெயர், இடம், தேதி. கடைசியில் கற்சுவரின் படங்களில் இருந்த பெயர்களைப் பெரிதாக்கிப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். கிராய்டன் வருவதற்குள் எழுதி முடியவில்லை. வீட்டுக்கு வந்து முடித்தாள்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய படங்கள் இருக்கும். கல்யாணக் கூட்டத்தில் ஓரமாக நிற்பவர், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் வேலைக்காரி, பெஞ்சியின்மேல் நிற்கும் பையன். இவர்கள் யாரென்று சொல்லக்கூடிய பாட்டி இன்று இருக்கிறார். நாளைக்கு இருப்பார் என்பது நிச்சயமல்ல. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பென்சிலால் படத்தின் பின்புறம் பெயரை எழுதி வையுங்கள். நாமும் ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அதைத்தான் செய்தோம். நம் பெட்டியில் இருந்த 31 படங்களில் 12-க்குப் பெயர் சொல்ல ஆள் இல்லை.