திறப்புக் கோவையைக் கொடுக்குமுன்

வீட்டு வேலைக்குப் புதிதாக ஒருவனை அமர்த்துகின்றோம். அவன் கெட்டிக்காரன், சொன்னதைச் சொன்னபடி செய்பவன். அதற்காக, வந்த அன்றே பெட்டகத்தின் திறப்பை அவன் கையிற் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விடுவோமா? போகமாட்டோம். ஆனால் கணினியின் முன் அமர்ந்ததும் இந்த உலகியலறிவு நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. சென்ற விடுமுறையில் எனக்கு நேர்ந்தது அதுவே.

வகுப்புப் புள்ளிகளைக் கணக்கிடுவதற்கு ஒரு சிறு நிரல் எழுத எண்ணினேன். நிரல் எழுதப் பலரும் கையாளும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் மென்பொருளில், செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொண்டேன்.

முகவர் என்பது யாது? கேட்டதற்கு விடை கூறிவிட்டு ஓய்வது உரையாடும் பொறி. முகவரோ கோப்புகளைத் தானே படிக்கும், திருத்தும், நிரலை இயக்கிப் பார்க்கும், பிழை தோன்றினால் மீண்டும் திருத்தும். தரவுத்தளம், இணையப் பக்கம் முதலியவற்றையும் அது எட்ட வேண்டுமாயின் வெளிக் கருவிகளை இணைத்தல் வேண்டும். அதற்கென ஒரு பொது முறையை அந்திறொபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. மொடல் கொன்ரெக்ஸ்ற் புறொட்டொகோல் என்பது அதன் பெயர், எம்.சி.பி. என்று சுருக்கி வழங்குவர்.

இணைப்பது கடினமன்று. ஓர் அமைப்புக் கோப்பிலே, கருவிகளை வழங்கும் சேவையகத்தின் பெயரையும், அதனைத் தொடக்கும் கட்டளையையோ இணைய முகவரியையோ எழுதினாற் போதும். தன்னிடமுள்ள கருவிகள் இவை, அவற்றின் பயன் இது என்று சேவையகம் அறிவிக்கும். முகவர் அக்குறிப்பைப் படித்துத் தக்க கருவியைத் தெரிந்து, அதனை இயக்குமாறு கேட்கும். இயக்குவது மென்பொருள். இயக்குமுன் அது நம்மிடம் அனுமதி கேட்கும். வாயிற்காவல் நிற்பது அவ்விடத்திலேதான்.

நான் செய்த பிழைகள் இரண்டு. தரவுத்தளத்தின் முழு அதிகாரமுள்ள கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பிலே வெளிப்படையாக எழுதினேன். அடிக்கடி அனுமதி கேட்பது தொல்லையாகப் படவே, இனி எப்பொழுதும் அனுமதி என்று அழுத்திவிட்டேன். பின்னர், “பட்டியலில் இருமுறை வந்துள்ள பெயர்களை நீக்குக” என்று பணித்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றேன்.

வகுப்பில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடைய மாணவர் இருவர் உளர். நான் திரும்பி வந்தபோது பட்டியலில் ஒருவனே இருந்தான். மற்றையவனின் ஓராண்டுப் புள்ளிகள் மறைந்துவிட்டன. வேலை முடிந்தது என்று முகவர் பணிவுடன் எழுதியிருந்தது.

முதல்நாட் பிரதியொன்று இருந்தமையாற் பிழைத்தேன். கணினித் துறையிலே பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரிடம் இதனைக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. “சேர், அது உங்கள் சொல்லை மீறவில்லையே! உங்கள் அதிகாரம் முழுவதையும் அதனிடம் கொடுத்தவர் நீங்கள்தான்” என்றார்.

பின்னர் எல்லாவற்றையும் அவரே மாற்றியமைத்தார். படிக்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை உண்டாக்கினார். கடவுச்சொல்லைக் கோப்பிலிருந்து நீக்கி, மென்பொருள் நம்மிடம் கேட்டுப் பெறும்படி செய்தார். இனிக் கோப்பு பிறர் கைக்குப் போனாலும் இரகசியம் உடன் போகாது. வேண்டாத கருவிகளையும் அகற்றினார். கருவிகள் பெருகினால் எதனை எடுப்பதென்று முகவர் தடுமாறுமாம்.

இன்னொன்றும் சொன்னார். இணையப் பக்கமொன்றில் எவரோ ஒளித்து எழுதிய கட்டளையும் முகவருக்கு எசமானின் கட்டளை போலத் தோன்றக்கூடும். ஆகவே, அந்தரங்கத் தரவைக் காணும் கருவி, அயலார் எழுத்தைப் படிக்கும் கருவி, வெளியே செய்தி அனுப்பும் கருவி ஆகிய மூன்றையும் அதன் கையில் ஒருங்கே கொடுத்தல் ஆபத்து.

இப்பொழுது, நீக்கத்தக்கவை எவை என்று முகவர் பட்டியலிட்டுத் தருகின்றது, நீக்குபவன் நான். வேலை சற்றுத் தாமதமாகின்றது. ஆயினும் ஒரு மாணவனின் பெயரை அழிக்குமுன், அவனை முகமறிந்த ஒருவர் அதனைப் பார்க்கின்றார். அத்தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன்.