வீடு வாங்குவோரும் வக்கீலும்

கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆனவுடன் பாத்தியதை உறுதியாயிற்றென்று திருவேங்கடம் வட்டாரத்துக் குடிகள் நம்புவாராயின், அது பெருந்தவறாகும். விற்பவரின் பாத்தியதையை ஆராய்வது சார்பதிவாளரின் அதிகாரமன்று என்று 2025 ஏப்ரல் 7இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதியொன்றை ரத்து செய்து தீர்ப்புக் கூறியது. ஆகவே அப்பொறுப்பு வாங்குவோரையே சார்ந்தது. வில்லங்கச் சான்றோ, பதிவான பத்திரங்களையன்றிப் பதிவாகாத உயிலையும் வாய்மொழிப் பாகப்பிரிவினையையும் காட்டாது. விற்பவரின் வக்கீலும், தரகர் கைகாட்டும் வக்கீலும் இதற்கு உதவார். அச்சாரம் கொடுக்குமுன்பே தமக்கெனத் தனி வக்கீலை அமர்த்தி, மூலப் பத்திரங்களைப் பரிசோதிப்பித்து, அவர் அபிப்பிராயத்தை எழுத்து மூலமாகப் பெறுதலே விவேகமென்பது நமது துணிபு. அவருக்குக் கொடுக்கும் கூலி, பின்னர் வரும் வியாஜ்யச் செலவினும் சொற்பமே. கிராமத் தொண்டர்கள் இதனை வீடுதோறும் எடுத்துரைப்பார்களாக. ஏழையின் ஆயுட்காலச் சேமிப்பைக் காப்பதும் தேசத்தொண்டேயாம்.